தாமதமாய் வந்த செய்திகள்

1783ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் தேதி பிற்பகலில், கடலூருக்கு எதிரே நடுக்கடலில் இரண்டு கடற்படைகள் ஒன்றையொன்று நெருங்கின. பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனிடம் 15 போர்க்கப்பல்கள் இருந்தன; ஆங்கிலேயரின் ஹியூஸிடம் 18. பொழுது சாயும் வரை பீரங்கிகள் முழங்கின. அதற்கு ஒரு வாரம் முன்புதான், ஜூன் 13 அன்று, ஜெனரல் ஸ்டூவர்ட்டின் படை கடலூரின் தெற்கே பிரெஞ்சுக்காரர் எழுப்பியிருந்த அரண்களின் மேல் பாய்ந்ததில், ஒரே பகலில் இரு தரப்பிலுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டும் காயமுற்றும் விழுந்திருந்தனர். விழுந்தவர்களில் இந்தியச் சிப்பாய்கள் இருந்தார்கள், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் இருந்தார்கள், ஜெர்மானியரும் இருந்தார்கள். இங்கிலாந்தின் மன்னரே ஹானோவரின் அதிபதியாகவும் இருந்ததால், அங்கே திரட்டிய இரண்டு படைப்பிரிவுகள் கடல் கடந்து கெடிலக் கரைவரை வந்து சேர்ந்திருந்தன.

இத்தனை பேரும் இல்லாத ஒரு போருக்காகச் செத்தார்கள். பிரான்சும் இங்கிலாந்தும் அந்த ஆண்டு ஜனவரி 20ஆம் தேதியே வெர்சாயில் முதற்கட்ட சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டுவிட்டன. சரியாக ஐந்து மாதம் கழித்து நடந்தது கடலூர்க் கடற்போர். அந்தச் செய்தி ஜூன் மாதக் கடைசியில்தான் வெள்ளைக்கொடி கட்டிய ஒரு கப்பலில் இந்தக் கரையைத் தொட்டது. போர் நின்றது. அந்தச் செய்தி இருபது நாள் முன்னதாக வந்திருந்தால், பெயர் தெரியாத எத்தனையோ வீடுகளில் அந்த வருஷம் இழவு விழுந்திருக்காது.

தொலைவு என்பது இந்தக் கரையின் வரலாற்றில் எப்போதும் ஒரு தனிப் பாத்திரம். 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு எதுவரை போய் விழுகிறதோ அதுவரை உள்ள நிலமும் சேர்ந்து கைமாறியது. அப்படிக் கைமாறிய ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் ஏற்பட்டது. கழனியில் நின்றிருந்த உழவனுக்குத் தன் ஊரின் எசமான் மாறிவிட்டான் என்று முதலில் சொன்னது அந்தக் குண்டின் ஓசையாகத்தான் இருக்க வேண்டும். அதே கோட்டையை 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்துத் தள்ளினார். தெற்கே கூத்தனின் தில்லைக் கோயிலும் தப்பவில்லை. கர்நாடகப் போர்க் காலத்தில் அதன் மதில்கள் கோட்டைச் சுவர்களாயின. 1781 ஜூனில் உள்ளே இருந்த ஐதர் அலியின் காவற்படை, தாக்கவந்த ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் படையை விரட்டியடித்தது. அடுத்த சில நாட்களில், ஜூலை 1 அன்று, பரங்கிப்பேட்டையில் வெற்றி கூட்டின் பக்கம் சாய்ந்தது. எங்கோ தொலைவில் எடுத்த முடிவுகள் எல்லாம் இங்கே மண்ணில் ரத்தமாக முடிந்தன. அந்த முடிவுகளின் செய்தி மட்டும் இங்குள்ளவர்களுக்குக் கடைசியில்தான் வந்தது.

பிறகு செய்தி காற்றில் பறக்கக் கற்றுக்கொண்டது. கம்பியில்லாத் தந்தி வந்ததும், இனி இப்படிப்பட்ட வீண் சாவு நேராது என்று நம்பியவர்கள் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுத் தெற்கே இலங்கைக் கடலுக்குள் மறைந்தபோது, அதன் பலம் பீரங்கியில் மட்டும் இல்லை. தன் தந்திக் கருவியை ஊமையாக வைத்துக்கொண்டு, மற்றக் கப்பல்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே போனது அது. அதன் முடிவும் அதே கருவியால்தான் வந்தது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளின் தந்தி நிலையத்தை அழிக்க எம்டன் வீரர்கள் கரையிறங்கினார்கள். அவர்கள் வந்து கம்பத்தைச் சாய்ப்பதற்குள், அந்நியக் கப்பல் ஒன்று வந்திருக்கிறது என்று நிலையத்தார் தட்டி அனுப்பிவிட்டார்கள். அருகே போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியின் காதில் அது விழுந்தது. அன்றே எம்டன் முடிந்தது.

ஆனால் செய்தி விரைவாக வருவதும் அதனால் மனிதருக்கு விடுதலை வருவதும் வேறு வேறு. அந்த முதல் உலகப் போர் 1918 நவம்பர் 11ஆம் தேதி ஓய்ந்தது உலகின் பெரும்பகுதிக்கு உடனே தெரிந்தது. ஒன்பது நாள் கழித்து, நவம்பர் 20 அன்று, பத்தாண்டுப் புதுவை வாசத்தை விட்டு பிரிட்டிஷ் எல்லைக்குள் கால்வைத்த சுப்பிரமணிய பாரதி கடலூருக்கருகே கைதானார். டிசம்பர் 14 வரை அவர் கடலூர்ச் சிறையில் இருந்தார். 1783இல் சமாதானச் செய்தி வராததால் மனிதர் செத்தார்கள். 1918இல் செய்தி வந்தும் கவிஞன் சிறைக்குள் போனான்.

இந்த இடத்தில்தான், செய்தி கேட்பதையே வேலையாகக் கொண்டிருந்த வுல்ஃப்காங் ஹிர்ஷ்ஃபெல்டு என்ற ஒரு ஜெர்மானியரின் வாழ்க்கையை நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. 1916இல் பெர்லினில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் யு-109 என்னும் நீர்மூழ்கியில் தந்தியாளர். கப்பல் தலைவனின் படுக்கைக்கு எதிரே, இரண்டு பேர் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும் ஒரு சின்ன அறை. அதில் காதில் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு முறை வைத்து உட்கார்ந்திருப்பது அவர் வேலை. வருகிற எழுத்துக்கூட்டத்தை எனிக்மா இயந்திரத்தில் தட்டித் தெளிவாக்கித் தலைவனிடம் கொடுக்க வேண்டும். கப்பல் ஆழமாக மூழ்கிவிட்டால் வானொலி அலை எட்டாது. அப்போது அதே ஆட்கள் நீரொலிக் கருவியின் முன் உட்கார்ந்து, மேலே போகும் எதிரிக் கப்பலின் விசிறிச் சத்தத்தைக் கேட்டுத் திசை சொல்வார்கள். சலித்துப்போன மாலுமிகளுக்கு இசைத்தட்டுப் போடுவதும் அவர்களே. கரையில் யாருக்காவது குழந்தை பிறந்தால் அந்தச் செய்தியும் இந்த அறை வழியாகத்தான் உள்ளே வரும். ஐம்பது பேர் அடைந்து கிடந்த அந்த இரும்புக் கூட்டுக்குள் உலகத்தைக் கேட்க முடிந்தவர்கள் இவர்கள் மட்டுமே.

இதில் ஒரு கொடுமை உண்டு. பேசினால் சாவு. நீர்மூழ்கி மேலே வந்து ஒரு சிறு செய்தி தட்டினாலும், அலை வந்த திசையை எதிரியின் கருவிகள் கண்டுபிடித்துவிடும். போதாக்குறைக்கு, உடைக்கவே முடியாது என்று ஜெர்மானியர் நம்பிய மறைகுறியை இங்கிலாந்தில் பிளெட்ச்லி பார்க்கில் இருந்தவர்கள் போரின் பெரும்பகுதியில் படித்துக்கொண்டிருந்தார்கள். தன் தோழர்களைக் காப்பதாக நினைத்துத் தந்தியாளன் தட்டிய ஒவ்வொரு எழுத்தும் அவர்களைக் காட்டிக்கொடுத்தது. நீர்மூழ்கிகளில் போன சுமார் 40,000 ஜெர்மானியரில் 30,000 பேர் அளவுக்குத் திரும்பவில்லை. ஹிர்ஷ்ஃபெல்டு வேறு பணிக்கு மாறிப்போன பின், 1943 மே மாதம் யு-109 அதிலிருந்த 52 பேருடனும் அட்லாண்டிக்கில் மூழ்கியது.

அந்தத் தோழர்கள் இன்று நமக்குத் தெரிகிறார்கள் என்றால் அதற்கு முக்கியக் காரணம், ஹிர்ஷ்ஃபெல்டு செய்த ஒரு சிறு மீறல். போர்க்கப்பலில் தனி நாட்குறிப்பு வைப்பது குற்றம். அவர் வைத்தார். கேட்டதை, பார்த்ததை, தலைவன் தடுமாறிய வேளைகளை, மாலுமிகளின் முணுமுணுப்பை ஒளித்து ஒளித்து எழுதினார். போர் முடியும் தறுவாயில் அவர் யு-234இல் தந்தியாளர்களின் தலைவராக இருந்தார். 1945 ஏப்ரலில் நார்வேயிலிருந்து ஜப்பானுக்குக் கிளம்பிய கப்பல் அது. பிரித்துக் கட்டிய ஜெட் விமானமும், 560 கிலோ யுரேனியம் ஆக்சைடும், இரண்டு ஜப்பானிய அதிகாரிகளும் அதில் இருந்தனர். நன்னம்பிக்கை முனை தாண்டி, நம்முடைய இந்தியப் பெருங்கடலைக் கடந்து போயிருக்க வேண்டிய பயணம். மே மாதத்தில், அட்லாண்டிக்கின் நடுவில், போரை நிறுத்து என்ற தளபதி டோனிட்ஸின் ஆணை அந்தச் சின்ன அறைக்குள் வந்து சேர்ந்தது. சரணடைய முடிவானதும் ஜப்பானியர் இருவரும் தூக்க மருந்து தின்று உயிர்விட்டார்கள். கடலிலேயே அடக்கம் நடந்தது. மே 14 அன்று அமெரிக்கக் கப்பலிடம் யு-234 சரணடைந்தது. 1783இல் ஐந்து மாதம் பிடித்த சமாதானச் செய்தி 1945இல் சில நாட்களுக்குள் வந்தது. கப்பலில் மற்றவர்கள் அதனால் பிழைத்தார்கள். அந்த இருவரை மட்டும் எந்தச் செய்தியாலும் காப்பாற்ற முடியவில்லை.

ஹிர்ஷ்ஃபெல்டு அமெரிக்காவில் கைதியாக இருந்து, பின்னர் பாழடைந்து கிடந்த தன் நாட்டுக்குத் திரும்பினார். அவர் எழுதியவை புத்தகமாக வந்தது 1982இல். போர் முடிந்து 37 ஆண்டுகள் கழித்து. 2005இல் காலமானார். அவர் பணிபுரிந்த அரசு கொடிய அரசு. அந்த நீர்மூழ்கிகள் எத்தனையோ சரக்குக் கப்பல்களையும், அவற்றின் எஞ்சின் அறையில் கரி அள்ளிப்போட்ட இந்தியக் கடலோடிகளையும் மூழ்கடித்தன. இதை மறந்துவிட்டு அவரைப் போற்ற முடியாது. ஆனாலும் கேட்டவன் எழுதி வைத்தான் என்ற அந்த ஒன்றுக்கு நான் தலைவணங்குகிறேன்.

ஏனென்றால் நம் பக்கத்தில் அப்படி எழுதி வைத்தவர்கள் அரிது. 1943 முதல் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் பினாங்கைத் தளமாகக் கொண்டு இந்தியப் பெருங்கடலில் சுற்றின. அதே ஆண்டு பிப்ரவரியில் கீலிலிருந்து யு-180 என்ற நீர்மூழ்கியில் ஏறிய சுபாஷ் சந்திர போஸ், ஏப்ரல் கடைசியில் மடகாஸ்கருக்கு அருகே, கொந்தளிக்கும் கடலில் ரப்பர் படகு ஒன்றில் ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறினார். அவர் போய்ச் சேர்ந்த கிழக்கில் அவரது படையில் சேர்ந்த பொதுமக்களில் பெரும்பகுதி மலாயாத் தோட்டத்துத் தமிழர்கள். பினாங்கு அவர்களுக்குப் புதிய ஊர் இல்லை. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறிய தென்னார்க்காட்டுக்காரனும் தஞ்சாவூர்க்காரனும் இறங்கிய துறை அது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்ததும் அங்கிருந்து கடிதம் நின்றது, பணம் நின்றது. மூன்றரை ஆண்டுகள் இங்கே தாய்மாரும் மனைவிமாரும் தபால்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் சயாம்–பர்மா ரயில் பாதையில் தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் காலராவிலும் பட்டினியிலும் விழுந்துகொண்டிருந்தார்கள். போர் முடிந்த பின்னும் பல வீடுகளுக்குச் செய்தி வரவே இல்லை. சிலர் தாலியைக் கழற்றவும் மனமின்றி, வைத்திருக்கவும் துணிவின்றி வாழ்ந்து முடிந்தார்கள்.

ஜெர்மனியின் கீல் நகருக்கு அருகே மோல்டனார்ட்டில் நீர்மூழ்கி வீரர்களுக்கு ஒரு நினைவிடம் இருக்கிறது. இரண்டு போர்களிலும் மாண்டவர்களின் பெயர்கள், ஏறக்குறைய 35,000, வெண்கலத் தகடுகளில் கப்பல்வாரியாகப் பொறிக்கப்பட்டுள்ளன. இன்று தாய்லாந்து எனப்படும் சயாமின் காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகளின் கல்லறைகள் 7,000 அளவுக்கு வரிசையாக உள்ளன. அதே பாதையில் விழுந்த தமிழர்களுக்கு அப்படி ஒரு முழுப் பெயர்ப்பட்டியல் கிடையாது. தோற்ற நாட்டின் மாலுமிக்குப் பெயர் இருக்கிறது. வென்றவனுக்கும் தோற்றவனுக்கும் மாறி மாறிக் கூலிவேலை செய்தவனுக்கு இல்லை. 1783இல் கடலூர் அரண்களின் முன் விழுந்த சிப்பாய்களின் கதையும் இதுவே.

செய்திக்கும் கேட்பவனுக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளி பழங்கதை என்று யாரும் எண்ண வேண்டாம். 2004 டிசம்பர் 26 காலை சுமத்ராவுக்கு அருகே பூமி அதிர்ந்த பிறகு, அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் பிடித்தது. செய்மதியும் கைப்பேசியும் இருந்த காலம். ஆனாலும் தேவனாம்பட்டினத்துக்கும் சாமியார்பேட்டைக்கும் எந்த எச்சரிக்கையும் வரவில்லை. கடலூர் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோர் போனார்கள். கொஞ்சம் வடக்கே, புதுவையைச் சேர்ந்த நல்லவாடு என்னும் மீனவர் ஊர் மட்டும் வேறு விதமாகப் பிழைத்தது. சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு வீட்டுக்குத் தொலைபேசினார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் அங்கே அமைத்திருந்த தகவல் மையத்தை உடைத்துத் திறந்து, வழக்கமாக அலையின் உயரமும் மீன்விலையும் சொல்லும் ஒலிபெருக்கியில் ஊரையே மேட்டுக்கு ஓடச் சொன்னார்கள். அந்த நிறுவனம் இந்தக் கரையில் மீனவருக்கு அறிவித்த அலைக் கணிப்பு அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்தது. போருக்காகக் கடலைக் கேட்கப் பழகிய கருவிகள் மீனவனுக்கும் பயன்பட்டன. மூன்று ஆண்டு கழித்து, 2007இல், ஐதராபாதில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் வந்தது. இங்கே இது புதிதில்லை. சாவு முதலில் வரும்; அதைத் தடுத்திருக்கக்கூடிய செய்தியின் ஏற்பாடு பிறகு வரும்.

சிதம்பரத்தில் 1929 முதல் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் கடல்சார் உயிரியல் நிலையம் பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்றின் முகத்தில், கூட்டும் ஐதரும் மோதிய மண்ணுக்கருகிலேயே இருக்கிறது. நண்டையும் இறாலையும் இத்தனை நுணுக்கமாகப் பதிந்து வைத்த அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, இந்தக் கரை மனிதரின் நினைவையும் பதிய ஓர் ஏற்பாடு வேண்டும். கடலூர் முதுநகரிலும் கிள்ளையிலும் பரங்கிப்பேட்டையிலும் மலாயாவுக்கும் பர்மாவுக்கும் போனவர்களின் வீடுகள் இன்றும் உள்ளன. பெட்டியின் அடியில் ஜப்பானியர் காலத்துப் பணத்தாளோ, திரும்பி வந்த கடிதமோ, ஒரு புகைப்படமோ இருக்கலாம். போனவர் பெயர், ஊர், தோட்டம், கடைசிக் கடிதத்தின் தேதி: இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி, உங்கள் ஊர் நூலகத்திலோ பல்கலைக்கழக வரலாற்றுத் துறையிலோ இந்த ஆண்டுக்குள் கொடுத்துவிடுங்கள். அந்த மூன்றரை ஆண்டுக் காத்திருப்பைக் கண்ணால் பார்த்தவர்களில் இன்று உயிரோடிருப்பவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள்.