சொன்னால் ஆபரேஷன் நின்றுவிடுமா?

ஒடுகத்தூரிலிருந்து வேலூருக்கோ சென்னைக்கோ போய் எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிப்பவர்களுக்கு, டாக்டரின் பேச்சுக்கு முன்பே ஓர் அறிவுரை வந்து சேர்ந்துவிடுகிறது. "மனசு டாக்டர்கிட்ட அனுப்புவாங்க அக்கா. தூக்கம் நல்லா வருது, வீட்ல சண்டை இல்ல, கவலை இல்லன்னு சொல்லிடுங்க. வேற எதுக்கும் வாயைத் திறக்காதீங்க. சொன்னா ஆபரேஷன் கேன்சல்." கல்யாணப் பந்தியிலும் ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ்ஸிலும் வருஷக்கணக்காகக் கேட்டு எரிச்சலடைந்த பேச்சு இது. அக்கறையோடு சொல்கிறார்கள் என்பதற்காக இதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. ஆளையே கவிழ்க்கும் யோசனை இது.

"எனக்கென்ன பைத்தியமா?" என்பது முதல் வாதம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் 1957 முதல் பாகாயத்தில் நடக்கிறது. வீட்டாரையும் நோயாளியோடு தங்கவைத்துச் சிகிச்சை தருவதற்குப் பேர் பெற்ற இடம். நாமோ அந்த ஊரின் பெயரையே வசையாக்கி வைத்திருக்கிறோம். ஆபரேஷனுக்கு முன் ஈ.சி.ஜி. எடுத்தவரை யாரும் இதய நோயாளி என்று ஒதுக்குவதில்லை. இந்த வாதத்துக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை.

இரண்டாவது வாதம், உண்மையைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது. ஊரையே ஆட்டிவைக்கும் பொய் இதுதான். அடியோடு மறுக்கப்படுகிறவர்கள் மிகச் சிலர். மனச்சோர்வு இருப்பதே தடையல்ல. சிகிச்சை எடுக்காத கடும் மனச்சோர்வு, தற்கொலை எண்ணம், விடாத குடி இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துகொண்டு வரச் சொல்வார்கள். அது தள்ளிவைப்புதான், கேன்சல் அல்ல.

மறைத்தால் என்ன ஆகும்? ஷூ கம்பெனிக்குப் போகும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். விடியுமுன் சமைத்து வைத்துவிட்டு பஸ் பிடிக்கிறாள். நாளெல்லாம் தையல் மெஷின் முன்னால் குனிந்த தலை. மதியம் டிபன் பாக்ஸில் பாதி அப்படியே திரும்பி வருகிறது. இரவு எல்லோருக்கும் போட்டு முடித்து, விளக்கணைத்த பிறகு, அடுப்படியில் உட்கார்ந்து குண்டானில் மிச்சமிருக்கும் சோற்றை வழித்துச் சாப்பிடுகிறாள். பசி அடங்கிய பிறகும் கை நிற்பதில்லை. அவளுக்கென்று அன்று கிடைத்த ஆறுதல் அது ஒன்றுதான். இரவில் இப்படிச் சாப்பிடுவதை 1955-லேயே ஆல்பர்ட் ஸ்டங்கர்ட் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு கோளாறாக எழுதிவைத்தார். அந்தப் பெண்ணோ டாக்டரிடம், "ராத்திரி ரெண்டு இட்லிதான் சார்" என்று சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டு வருகிறாள். ஸ்லீவ் என்ற எடைக்குறைப்பு அறுவையில் இரைப்பையின் முக்கால் பங்கை வெட்டி எடுக்கிறார்கள். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. இரைப்பை சுருங்கும், அந்த இரவு நேரத் துக்கம் சுருங்காது. சோறு இறங்காதபோது ஐஸ்கிரீமும் குளிர்பானமும் வழுக்கிக்கொண்டு இறங்கும். எடை திரும்ப ஏறத் தொடங்கும்போது, "ஆபரேஷன் பண்ணியும் குறையலையே" என்று அதே ஊர்தான் அவளைக் குறை சொல்லும். அன்றைக்கு "வாயைத் திறக்காதே" என்று சொல்லிக்கொடுத்தவர் பக்கத்தில் இருக்கமாட்டார்.

குடியையும் மறைக்கச் சொல்கிறார்கள். இரைப்பை பைபாஸ் செய்தவர்களுக்குச் சாராயம் சீக்கிரமாகவும் அதிகமாகவும் ரத்தத்தில் ஏறும். 2012-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வில், ஆபரேஷனுக்கு முன் 7.6 சதவீதமாக இருந்த குடிச்சிக்கல், இரண்டாம் ஆண்டில் 9.6 சதவீதமானது. மனநல மாத்திரை சாப்பிடுவதை மறைப்பதும் அப்படித்தான்: அறுவைக்குப் பின் மாத்திரை உடலில் சேரும் அளவே மாறக்கூடும், டாக்டருக்குத் தெரிந்தால்தானே அளவைத் திருத்துவார்?

உண்மையைச் சொன்னால் இன்சூரன்ஸ் போய்விடுமாம். காப்பீட்டு ஆணையத்தின் 2019 விதிகள் இந்த ஆபரேஷனுக்குக் கேட்டவை டாக்டரின் பரிந்துரை, 18 வயது, பி.எம்.ஐ. 40 அல்லது மற்ற வழிகளில் பலன் கிடைக்காமல் கடும் இணை நோயோடு 35 போன்றவை. அழுதவருக்குக் கிடையாது என்று அதில் இல்லை.

கடைசியாக, "எடை குறைஞ்சா மனசு தானா சரியாயிடும்." பலருக்குச் சரியாகிறது, எல்லோருக்கும் அல்ல. 2007-இல் அமெரிக்காவின் யூட்டா மாநில ஆய்வு ஒன்று வந்தது. அறுவை செய்துகொண்டவர்களிடம் மொத்த மரணங்கள் 40 சதவீதம் குறைந்திருந்தன. விபத்து, தற்கொலை போன்ற, நோயல்லாத மரணங்களோ 58 சதவீதம் கூடியிருந்தன. இந்த இரண்டாவது கணக்கைப் பந்தியில் யாரும் பேசுவதில்லை.

அதனால், போகிறவர்களே, ஒப்பிக்க எதையும் மனப்பாடம் செய்யாதீர்கள். பழைய மருந்துச் சீட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் எப்போது, எதற்காகச் சாப்பிட்டீர்கள் என்று நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். இரவு அடுப்படியையும் விடாமல் எழுதுங்கள். வீட்டாரில் பொய் சொல்லாத ஒருவரைக் கூட அழைத்துச் செல்லுங்கள். அறிவுரை சொல்கிறவர்களே, தயவுசெய்து அவர்கள் வாயைக் கட்டாதீர்கள்.