மேசையில், பையில், ஸ்டேசனில்



கடந்த தவணைப் பரீட்சையில் எமது வகுப்பு மாணவி ஒருத்தி, பிரிபொசிஷன் கேள்வியில் ஐந்து இடைவெளிக்கும் 'இன்' என்றே எழுதியிருந்தாள். இரண்டு சரி. மற்ற மூன்றையும் சிவப்புப் பேனையால் வெட்டி, "பாடமாக்கி வா" என்று எழுதிக் கொடுத்தோம். பிறகுதான் யோசித்தோம், எதைப் பாடமாக்குவது?

அவள் சோம்பலில் எழுதவில்லை, தமிழில் யோசித்து எழுதியிருக்கிறாள். மேசையில் புத்தகம், பையில் பேனை, சீனன்குடா ஸ்டேசனில் வாப்பா. எமக்கு மூன்றும் ஒரே 'இல்'. ஆங்கிலத்துக்கு மேசை ஒரு தளம், அதற்கு 'ஒன்'. பைக்கு உள் இருக்கிறது, அதற்கு 'இன்'. ஸ்டேசன் வரைபடத்தில் ஒரு புள்ளி, அதற்கு 'அட்'. கலாசாலையில் எமக்கும் இதைச் சொல்லித் தரவில்லை, நீண்ட பட்டியல் ஒன்றைத்தான் தந்தார்கள். அதையே நாமும் பல வருடம் கரும்பலகையில் எழுதினோம்.

ஆங்கிலத்தை ஆங்கிலத்தில்தான் படிப்பிக்க வேண்டும் என்பார்கள். இந்தப் பாடத்தில் எமக்கு அது உடன்பாடில்லை. இதைத் தமிழில் இருந்துதான் தொடங்க வேண்டும். நேரத்தைச் சொல்லும்போது பிள்ளைகளிடம் அந்த வேறுபாடு ஏற்கனவே இருக்கிறது: ரமழானில், பெருநாளன்று, ஆறு மணிக்கு. மாதத்துக்கு 'இன்', நாளுக்கு 'ஒன்', மணிக்கு 'அட்'. இதைக் காட்டியதும் வகுப்பில் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள்.

அடையாளம் காண்பதும் அப்படித்தான். சொல்லை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். எமது உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும், அவர்களுடையது பெயருக்கு முன்னால் தனியாக நிற்கும். ஆகவே அடுத்து ஒரு பெயர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். 'ஹி இஸ் இன் த ரூம்' என்பதில் ரூம் இருக்கிறது, அது பிரிபொசிஷன். 'ஹி கேம் இன்' என்பதில் பின்னால் ஒன்றுமில்லை, அது வினையடை. (தமிழில் 'பற்றி' வருகிறதே என்று 'டிஸ்கஸ் அபௌட்' எழுதுவது தனிக் கதை. ஆசிரியர் கூட்டங்களிலும் அது கேட்கும்!)

பஸ்ஸுக்கு ஏன் 'ஒன்', காருக்கு ஏன் 'இன்' என்று கேட்டார்கள். ஏறி எழும்பி நடக்கலாம் என்றால் பெரும்பாலும் 'ஒன்', உள்ளே குந்தத்தான் முடியும் என்றால் 'இன்' என்றோம். அந்த மாணவிதான் கையை உயர்த்தினாள்.

"அப்ப கப்பலுக்கு ஒன், தோணிக்கு இன்னா சேர்?"

சரிதான். வெட்டிய மூன்றையும் அவளே திருத்திக் கொண்டு வந்தாள். மார்க்ஸ் பதிவேட்டில் இன்னும் பழைய இரண்டுதான் இருக்கிறது.