நான் ஏற்றிய குத்துவிளக்கு

நாடகங்களிலே குற்றவாளிக் கூண்டில் நிற்பவனுக்கு வசனம் எழுதிப் பழகியவன் நான். இந்த ஞாயிறு அந்தக் கூண்டிலே நானே ஏறி நிற்கிறேன். குற்றப் பத்திரிகை படித்தவரோ வழக்கறிஞர் அல்லர். பள்ளிக்கூட வாசலை மிதித்தறியாத மூதாட்டி. கொங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றிலே, சந்தைத் திடலுக்கு எதிரே இட்லி சுட்டு விற்பவர்.

ஈராண்டுக்கு முன், அவ்வூர்த் தோழர் ஒருவர் அழைத்தார். "அண்ணா! நம் ஊரிலே ஒரு நிறுவனம் கிளை திறக்கிறது. நீங்கள் வந்து விளக்கேற்ற வேண்டும்" என்றார். போனேன். என்ன நிறுவனம், என்ன தொழில், எங்கிருந்து வருமானம் என்று ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை! பொன்னாடை போர்த்தினார்கள், பூச்செண்டு தந்தார்கள், ஒலிபெருக்கியை நீட்டினார்கள். ஒலிபெருக்கியைக் கண்டால் எனக்கு ஊமை நோய் வந்ததுண்டா? "ஏழையின் கையிலுள்ள கைப்பேசி இனி அமுதசுரபி!" என்று முழங்கினேன். கைதட்டல் கூரையைப் பிளந்தது. குத்துவிளக்கின் ஐந்து திரியையும் ஏற்றிவிட்டு அடுத்த ஊர்க் கூட்டத்துக்குப் பறந்தேன்.

சென்ற திங்கள் அதே ஊரில் எங்கள் நாடகம். அரிதாரம் கலைத்து, பசியோடு அந்த இட்லிக் கடைப் பலகையில் அமர்ந்தேன். என் குரலைக் கேட்டதும் ஆத்தா நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் கண்ணு, அன்றைக்கு மேடையிலே பேசியது நீதானே?"

"எந்த மேடை, ஆத்தா?"

"கைப்பேசியிலே விளம்பரம் பார்த்தால் பணம் கொட்டும் என்று சொன்னாயே! அறுபதாயிரம் கட்டினேன். பேரன் பள்ளிக்கூடம் போகாமல் உட்கார்ந்து பார்த்தான். மூன்று மாதம் வந்தது. அப்புறம் கடையையும் காணோம், கடைக்காரனையும் காணோம். நீயாவது வந்தாயே!"

'நீயாவது வந்தாயே' என்றாரே, அதிலே கோபம் இல்லை தோழர்களே! கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். வாயிலிட்ட இட்லி தொண்டையில் நின்றது.

அறுபதாயிரம் என்பது நமக்கு ஓர் எண். ஆத்தாவுக்கு அது எத்தனை நாள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம், அவரும் நானும், கடை மூடிய பிறகு. நாளொன்றுக்கு 300 இட்லி, ஒன்று 7 ரூபாய், ஆக 2,100. அரிசிக்கு 350, உளுந்துக்கு 260, அடுப்பெரிக்க 200, தேங்காய் பருப்பு மிளகாய் வகையறாவுக்கு 300, தண்ணீர் சுமந்து தட்டுக் கழுவும் பெண்ணுக்கு 300. மீதி 690. அதிலே தண்டல்காரனுக்கு 100, கடை போட்ட இடத்துக்கு 50. ஆத்தா கையிலே நிற்பது 540. மழை பெய்தால் அதுவும் இல்லை. ஊறவைத்த அரிசி மட்டும் நட்டமாக நிற்கும். மாதம் இருபத்தாறு நாள் கடை நடந்தால் பதினான்காயிரம். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து இரவு பதினொரு மணிக்குப் படுக்கும் அந்த உடம்பின் கூலி இந்தக் கணக்கில் எங்கே எழுதப்பட்டிருக்கிறது? தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. முதலாளியாம் அவர்! முதலும் அவருடையது, உழைப்பும் அவருடையது, இலாபம் மட்டும் தண்டல்காரனுடையது.

தண்டல் என்றேனே, அதன் தந்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். பத்தாயிரம் என்று பேச்சு. கையிலே தருவது ஒன்பதாயிரம். நாளுக்கு நூறாக நூறு நாள் கட்ட வேண்டும். "ஆயிரம் ரூபாய்தானே வட்டி, பத்து விழுக்காடுதானே" என்பார் கணக்கறியாதார். ஆனால் அசல் அன்றாடம் கரைந்துகொண்டே வருகிறது. நூறு நாளிலும் சராசரியாக ஆத்தாவிடம் இருந்த கடன் நாலாயிரத்து ஐந்நூறை ஒட்டித்தான். அதற்கு நூறு நாளில் ஆயிரம் என்றால், ஆண்டு வட்டி 80 விழுக்காட்டை நெருங்குகிறது! கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டே சட்டம் வந்தது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. தண்டல்காரன் மாலை ஆறு மணிக்கு மிதிவண்டி போய் இப்போது மோட்டார் வண்டியில் வருகிறான்.

இப்படிப்பட்ட வாழ்க்கையிலே உழல்பவரிடம் ஒருவன் வந்து, 'உட்கார்ந்த இடத்தில் வருமானம்' என்றால் அவர் மயங்கமாட்டாரா? பேராசைக்காரர் என்று பட்டம் கட்டுகிறார்கள் சில கனவான்கள். அவர்கள் ஒரே ஒரு நாள் அந்த அடுப்பின் முன் உட்கார்ந்துவிட்டு வந்து பேசட்டும்! ஆத்தா என்னிடம் சொன்னார்: "அறுபது வருடம் அடுப்பைப் பார்த்தேன், எவனும் காசு தரவில்லை. இரண்டு மணி நேரம் பெட்டியைப் பார்த்தால் தருகிறேன் என்றான். நம்பினேன், கண்ணு." இதைப் பேராசை என்று எழுத என் பேனா மறுக்கிறது. களைப்பு, தோழர்களே, களைப்பு!

ஆனால் கணக்கு களைப்புக்கு இரங்காது. மாதம் 30 விழுக்காடு தருகிறேன் என்கிறானே, அவனுடைய சொல்லை மெய்யென்றே வைத்துக்கொள்வோம். ஒரு இலட்சத்தைப் போட்டு, எடுக்காமல் விட்டால் ஓராண்டில் 23 இலட்சம். ஈராண்டில் ஐந்தே கால் கோடிக்கு மேல். மூன்றாண்டில் 126 கோடி! இப்படி ஒரு தொழில் உலகில் இருக்குமானால், அதை அறிந்தவன் வங்கியிலே 12 விழுக்காட்டுக்குக் கடன் வாங்கித் தனியாகச் சம்பாதித்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்ளமாட்டானா? இட்லிக் கடை ஆத்தாவின் அறுபதாயிரத்தைத் தேடி ஏன் அலைகிறான்?

'நீ ஐந்து பேரைச் சேர், அவர் ஒவ்வொருவரும் ஐந்து பேரைச் சேர்க்கட்டும்' என்கிறார்களே, அதையும் பாருங்கள். ஐந்து, இருபத்தைந்து, நூற்றிருபத்தைந்து என்று ஏறி, பதினோராம் படியில் 4 கோடியே 88 இலட்சம் பேர் வேண்டும். பன்னிரண்டாம் படியில் 24 கோடிக்கு மேல்! 2011 கணக்கெடுப்பிலே தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகையே 7 கோடியே 21 இலட்சம்தான். பால்குடிக் குழந்தையையும் சேர்த்து உறுப்பினராக்கினாலும் ஆள் போதாது.

இந்த வித்தை நேற்றுப் பிறந்ததா? 1920இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலே சார்லஸ் போன்சி என்பவன், 45 நாளில் 50 விழுக்காடு இலாபம் என்றான். பன்னாட்டு அஞ்சல் பதில் கூப்பன்களை வாங்கி விற்கிறேன் என்று காரணம் காட்டினான். உண்மையிலே, பின்னால் வந்தவன் பணத்தை முன்னால் வந்தவனுக்குக் கொடுத்தான், அவ்வளவே. வரவு நின்றதும் வேடம் கலைந்தது. அஞ்சல் கூப்பன் போய் இணையம் வந்தது. திருப்பூரிலே பாசி என்ற நிறுவனம், இணையவழி அந்நியச் செலாவணி வணிகம் என்று சொல்லி வசூலித்து 2009இல் கவிழ்ந்தது. ஏறத்தாழ 930 கோடி ரூபாய். அதை நடத்தியவர்களுக்கு 27 ஆண்டுச் சிறை என்று கோவை நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2022 ஆகஸ்டில். பதின்மூன்று ஆண்டுகள்! பணம் கட்டியவர்களில் எத்தனை பேர் அந்தத் தீர்ப்பைக் காணாமலே கண்மூடினரோ!

அதிலிருந்தாவது பாடம் கற்றோமா? 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி கூவாமலே குடி கெடுத்தது. 2022இல் ஆருத்ரா கோல்டு; ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர், 2,438 கோடி என்று பொருளாதாரக் குற்றப் பிரிவு கணக்குச் சொன்னது. 2024 ஜனவரியில் கோவை நீலாம்பூரிலே, விளம்பரம் பார்த்தால் பணம் தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்தின்மீது வழக்குப் பதிவானதும், ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். நிறுவனத்தை எதிர்த்தா? ஆதரித்து! வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். அந்தக் கூட்டத்தின் முகங்களை மட்டும் நான் மறக்கவில்லை. எங்கள் நாடகத்துக்கு வரும் அதே முகங்கள்.

கைப்பேசியின் மறுமுனையில் இருப்பவன் யார் என்பதிலும் ஒரு கொடுமை உண்டு. கணினி வேலை, கை நிறையச் சம்பளம் என்று நம்பித் தாய்லாந்துக்கு விமானம் ஏறிய நம் பிள்ளைகள் சிலர், மியன்மர் எல்லையிலே மியாவாடியில் அடைக்கப்பட்டு, இணையத்தில் பிறரை ஏமாற்றும் வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்டனர். 2022இல் அவர்களிற் சிலர் மீண்டு சென்னை வந்தனர். வேலை தேடியவன் கையாலேயே வேலை தேடுபவன் கண்ணைக் குத்தும் ஏற்பாடு!

இன்னொரு கூட்டம் இருக்கிறது. சட்டத்தின் கைக்கு எளிதில் எட்டாத கூட்டம். 'கடை வேண்டாம், சரக்கு வேண்டாம், தூங்கும்போதே வருமானம். அதைக் கற்றுத்தரப் பத்தாயிரம் கட்டணம்' என்று காணொளியில் கார் ஓட்டிக் காட்டுகிறார்கள். அந்தக் கார் எதில் வந்தது? கற்றுத்தருகிறேன் என்று வாங்கிய பத்தாயிரங்களில் வந்தது. கல்லூரியைப் பாதியில் விட்டவர்களெல்லாம் கோடீசுவரர் ஆனார்கள் என்று வேறு கதை அளக்கிறார்கள். கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான்! நாடகக் கொட்டகை வாடகைக்கு இன்னும் நாயாய் அலைகிறேன்.

நேர்மையாகத் தொழில் செய்பவனுக்கு வழியை அடைத்தவர்களையும் நான் விடப்போவதில்லை. 2016 நவம்பரில் ஓரிரவில் நோட்டு செல்லாது என்றார்கள், 2017 ஜூலையில் புதிய வரி, 2020இல் ஊரடங்கு. மூன்று அடி, நான்கே ஆண்டுக்குள். சிறு பட்டறைக்காரன் சரக்கைக் கொடுத்துவிட்டுப் பெரிய நிறுவனத்தின் வாசலில் பணத்துக்குத் தவம் கிடக்கிறான். 45 நாளுக்குள் தர வேண்டும், தவறினால் கூட்டுவட்டி என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்ற அச்சம் அவன் வாயைக் கட்டுகிறது. அந்த வாய்க்குப் பதிலாகப் பேச வேண்டிய வாய் நம்முடையதல்லவா? நான் எங்கே பேசிக்கொண்டிருந்தேன்? பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு, விளம்பரக் கம்பெனித் திறப்பு விழாவிலே!

இங்கேதான், தோழர்களே, உங்களோடு எனக்கு வழக்கு. ஓர் ஊரிலே இப்படிப்பட்ட நிறுவனம் நுழையும்போது முதலில் யாரைத் தேடுகிறது? முகம் தெரிந்தவனை. சாவு வீட்டுக்கு முதலில் போகிறவனை, குடிநீர்க் குழாய்க்காக மனு எழுதித் தருகிறவனை, கிளைச் செயலாளரை. இருபது ஆண்டு உழைத்துச் சேர்த்த நம்பிக்கையை அவன் கமிஷனுக்கு வாங்கிக்கொள்கிறான். என்னை விளக்கேற்ற அழைத்த அந்தத் தோழர் எழுபது பேரைச் சேர்த்தார். தம் தங்கையின் நகையையும் சேர்த்து இழந்தார். இன்று அவர் பகலில் வீதியில் நடப்பதில்லை. நல்லவர்தான். நல்லவர் என்பதால்தானே எழுபது பேர் நம்பினார்கள்!

"நான் நடத்தவில்லையே, சேர்த்து மட்டும்தானே விட்டேன்" என்பார் உண்டு. 1978ஆம் ஆண்டுப் பணச் சுழற்சித் திட்டத் தடைச் சட்டம், அத்தகைய திட்டத்தை நடத்துவதோடு அதிலே உறுப்பினராகச் சேர்வதையும் தடுக்கிறது. 2019இல் முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் சட்டமும் வந்திருக்கிறது. பதிவு பெற்ற சீட்டு நிறுவனம் வேறு, இது வேறு, இரண்டையும் குழப்பாதீர். இணையத்தில் பணம் பறிபோன அந்த மணி நேரத்திலேயே 1930 என்ற எண்ணுக்குச் சொன்னால், பணம் கைமாறுமுன் மடக்க வாய்ப்புண்டு. இதைக் கிளை அலுவலகச் சுவரிலே எழுதி வையுங்கள். என் படத்தை ஒட்டிய இடத்திலேயே எழுதலாம்.

ஆத்தாவை அழைத்துக்கொண்டு மாவட்டத் தலைநகருக்குப் போய்ப் புகார் கொடுத்தாயிற்று. இரசீது இல்லை, பேரன் கைப்பேசியில் இருந்த படங்களை அச்செடுத்து வைத்தோம். பணம் திரும்புமா என்று கேட்டார். "தெரியாது, ஆத்தா" என்றேன். என் வாழ்நாளிலே அடுக்குமொழி இல்லாமல் நான் சொன்ன விடை அதுவாகத்தான் இருக்கும்.

வரும் ஞாயிறு மாலை, அதே சந்தைத் திடலிலே, அன்று பேசியதைத் திரும்பப் பெறுவதற்காகப் பேசுகிறேன். பொன்னாடை கொண்டு வராதீர். முன் வரிசையில் உட்காருவதாக ஆத்தா சொல்லியிருக்கிறார். ஆனால் எட்டு மணிக்கு அடுப்புப் பற்றவைக்க வேண்டுமாம். "நீட்டிவிடாதே, கண்ணு" என்று கண்டிப்பான உத்தரவு.