ரெண்டு குதிரையும் ஒரு மச்சானும்

போன ஆடியில என் மச்சான் (தங்கமணியோட தம்பி) அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனான். மாடு பாக்கப் போறேன்னுதான் சொல்லிட்டுப் போனான். திரும்பி வந்தது ரெண்டு குதிரையோட! ராத்திரி பத்து மணிக்கு போன். "மாமா, வாங்கிட்டேன். இப்ப இதுங்கள வெச்சு என்ன பண்றது?"

வாங்கறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி. சரி, விடுங்க.

வீட்டுல ஆளாளுக்கு ஒரு யோசனை. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடலாம்னு மாமியார். ரேக்ளாவுக்குப் பழக்கலாம்னு சித்தப்பா. நான் சொன்னது ஒண்ணுதான்: ஒரு மாசத்துக்கு ஒண்ணுமே பண்ணாதே. டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டு, டெட்டனஸ் ஊசி போடு, முன்னாடி என்ன தின்னுச்சுன்னு வித்தவன்கிட்ட கேளு, தீனிய ஏழெட்டு நாள்ல கொஞ்சம் கொஞ்சமா மாத்து.

யார் கேட்டா? பாசம் பொங்கி மூணாம் நாளே ஒரு வாளி நிறைய சோத்த வெச்சிருக்காங்க. குதிரைக்கு வாந்தி எடுக்க வராதுங்க. உள்ள போனது போனதுதான். செவலைக் குதிரை ராத்திரி பூரா வயித்து வலில புரண்டிருக்கு. விடிகாலைல டாக்டர் வந்து மூக்கு வழியா குழாய் விட்டுத்தான் உயிர் பொழைச்சுது.

இது ஒண்ணும் நமக்குப் புதுசில்ல. 13ஆம் நூற்றாண்டுக் கடைசியில பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ இதையேதான் எழுதி வெச்சிருக்கார். வருஷா வருஷம் ஆயிரக்கணக்குல குதிரை கடல் வழியா வந்து இறங்குமாம். வருஷ முடிவுல ரொம்பக் கொஞ்சம்தான் மிஞ்சுமாம். காரணம், பராமரிக்கத் தெரியாதது. கறியும் சோறும் வேகவெச்சுப் போடுவாங்களாம்! லாடம் அடிக்கற ஆளுங்கள வியாபாரிங்க வேணும்னே கூட்டிட்டு வரமாட்டாங்களாம். குதிரை செத்தாத்தானே அடுத்த வருஷமும் விக்கலாம்? அந்தாளு கொஞ்சம் அளந்து விட்டிருக்கலாம்தான். ஆனா சோத்து வாளியப் பார்த்தப்புறம் எனக்கு நம்பத் தோணுது :-)

இப்போ அடுத்த பிரச்னை. செவலை லேசா நொண்டுது. அத வித்துட்டு வெள்ளைய மட்டும் வெச்சுக்கலாம்ங்கறான் மச்சான். எனக்கு இதுல சம்மதமே இல்ல. நொண்டற குதிரைய எவன் எதுக்கு வாங்குவான்? ஊட்டியில ரோட்டுல அவுத்து விட்ட குதிரைங்க குப்பைல வாய் வைக்கறத பார்த்திருப்பீங்க. தவிர, குதிரை கூட்டமா வாழற ஜீவன். ஒத்தையா கட்டிப்போட்டா ஏங்கிப்போகும். வெச்சா ரெண்டையும் வை, இல்லேன்னா ரெண்டையும் சேர்த்து விஷயம் தெரிஞ்ச ஆள்கிட்ட குடு, கம்மி விலைக்குப் போனாலும் பரவால்லன்னுட்டேன். 300 கிலோ குதிரைக்கு தினம் 5, 6 கிலோ காய்ஞ்ச புல்லாவது வேணும். இருபது, இருபத்தஞ்சு வருஷம் உயிரோட இருக்கும். கணக்குப் போட்டுப் பாருடான்னேன். போட்டுட்டு இருக்கான்.

அதுக்குள்ள ஒரு உதவி மக்களே. ஆறு, எட்டு வாரத்துக்கு ஒருதரம் குளம்பு சீவி விடணும். கோபி பக்கம் நல்லா லாடம் அடிக்கறவர் யாராச்சும் தெரிஞ்சா சொல்லுங்க. மாட்டு லாடம் இல்ல, குதிரை லாடம்.