தேயிலை நீரும் கரிக் குழாயும்

தேநீர் களைப்பைப் போக்கும் என்பது தலவாக்கலையில் யாவரும் அறிந்ததே. அது சிக்கலையும் பிரிக்கும் என்று 2007ஆம் ஆண்டில் காட்டினர், ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழக ஆய்வாளர். அவர்கள் பச்சைத் தேயிலை நீரில் காபன் நனோக்குழாய்களைத் தனித்தனியே பிரிந்து நிற்கச் செய்தனர்.

இக்குழாய்களை 1991இல் உலகறியச் செய்தவர் சுமியோ இஜிமா. காபன் அணுக்களாலான வலை சுருண்டாற்போன்ற அமைப்பு. ஒற்றைச் சுவர்க் குழாயின் விட்டம் மில்லிமீற்றரில் ஏறத்தாழப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. உருக்கினும் வலியது, மின்னையும் கடத்தவல்லது. றப்பரிலும் பிளாஸ்டிக்கிலும் இதனைச் சேர்த்து உறுதியேற்ற ஆசை பிறந்ததில் வியப்பில்லை.

ஆனால் குழாய்கள் சிக்குப் பிடித்த கூந்தலைப் போல ஒன்றையொன்று விடா. அவ்வாறே கலந்தால், கட்டி தட்டிய குரக்கன் கூழ்தான். கட்டியுள்ள இடத்திலேயே பொருள் வெடிக்கும்.

எண்ணெய்ச் சட்டி கழுவும் நம் இல்லத்தரசிகள் இதற்கு மருந்தறிவர். சவர்க்கார மூலக்கூற்றின் ஒரு முனை நீரை நாடும். மறுமுனை நீரை வெறுக்கும். ஒலியதிர்வினாற் கற்றையைக் கலைக்கும்போது, வெறுக்கும் முனை குழாயைப் பற்ற, நாடும் முனை நீர்ப்பக்கம் நிற்கும். குழாய்கள் மீண்டும் ஒட்ட வழியில்லை. அந்நீரை றப்பர்ப் பாலுடன் கலந்து உலர்த்தலாம். பாலும் நீரில் மிதக்கும் நுண்துளிகள்தாமே! தேயிலையிலோ, சவர்க்காரத்தின் வேலையைக் கட்டெச்சின் என்னும் பொருள்கள் செய்கின்றன.

தொல்லை பின்னரே தொடங்குகிறது. உலர்ந்தபின்னும் சவர்க்காரம் உள்ளேயே தங்கும். மிகுந்தால் குழாயும் றப்பரும் இறுகப் பற்றாது வழுக்கும். குழாய்க்குக் குழாய் மின் பாய்வதும் தடைப்படும். கழுவி நீக்க முயன்றாலோ, குழாய்கள் மறுபடி கூடிவிடக்கூடும். எவ்வளவு சேர்ப்பது என்பதே ஆய்வாளரை வாட்டும் வினா. தேயிலை அதற்கு விடை தந்துவிட்டதென நாம் சொல்லோம். நீரிற் பிரித்துக் காட்டுவது வேறு, றப்பருக்குள் நின்று பயன்தருவது வேறு.

இன்னொன்றும் உண்டு. நம் மலைத் தொழிற்சாலைகளில் ஆவது பெரும்பாலும் கறுப்புத் தேயிலை. அரைத்த கொழுந்தை நொதிக்க விடுகையில் கட்டெச்சின்களிற் பெரும்பகுதி உருமாறிவிடுகிறது. தேநீரின் செந்நிறம் அதனாலேயே வருவது. ஆகவே ஜப்பானியர் கண்ட பலனைக் கறுப்புத் தேயிலையும் தருமா என்பது தனியே சோதிக்கத்தக்கது. 1925இல் நிறுவப்பெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையம் நம்மூர்ச் சென். கூம்ஸ் தோட்டத்திலேயே இருக்கிறது. றப்பரோ, கேகாலையிலும் களுத்துறையிலும் விளைகிறது. இரசாயனம் பயிலும் நம் தோட்டத்துப் பிள்ளைகளுள் ஒருவர் இவ்வினாவைக் கையிலெடுத்தால், கொழுந்துக்காக அவர் வெகுதூரம் போகவேண்டியதில்லை.