பதின்பருவத்தினரின் முதுகுவலி: ஸ்கேன் எப்போது தேவை?

முதுகுவலியோடு வரும் அனைவரையும் ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டியதில்லை என்பது பிரிட்டனில் ஏற்கப்பட்ட மருத்துவ நிலைப்பாடு. ஆனால், தீவிரமாக விளையாடும் பள்ளி மாணவர்களுக்கும் அது அப்படியே பொருந்துமா என்பது வேறு கேள்வி.

இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, கீழ்முதுகு வலிக்குக் குடும்ப மருத்துவர் மட்டத்தில் வழக்கமாக ஸ்கேன் எடுக்க வேண்டாம் என்று 2016இல் கூறியது. அந்த வழிகாட்டல் 16 வயதுக்கு மேற்பட்டோருக்கானது. அதன் நியாயம் புரியக்கூடியதே. 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் வெளியான ஆய்வொன்று, வலியே இல்லாத 20 வயதினரில் 37 சதவீதத்தினருக்கு முதுகெலும்பு டிஸ்க்கில் தேய்மானம் தென்படுவதாகக் கணித்தது. படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணமல்ல.

வளரும் எலும்பின் கதை வேறு. கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசும் சிறுவனின் கீழ்முதுகு, ஒவ்வொரு பந்துக்கும் பின்னோக்கி வளைந்து முறுக்கப்படுகிறது. முள்ளெலும்பின் பின்புறத்தில் உள்ள குறுகிய பகுதி இந்த அழுத்தத்தால் நாளடைவில் விரிசல் விடலாம். ஸ்பாண்டிலோலைசிஸ் எனப்படும் இது தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டு, சில மாதங்கள் ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் ஆறிவிடும். கவனிக்காமல் விட்டால், முள்ளெலும்பு முன்னோக்கி நழுவவும் கூடும். இளம் வேகப்பந்து வீச்சாளர்கள் ஒரு நாளில் வீசும் ஓவர்களுக்கு இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் வரம்பு விதித்திருப்பது இதனால்தான்.

சிக்கல் என்னவென்றால், எளிதில் கிடைக்கும் எக்ஸ்ரேயில் தொடக்கநிலை விரிசல் பெரும்பாலும் தெரிவதில்லை. சிடி ஸ்கேன் விரிசலைத் தெளிவாகக் காட்டும்; ஆனால் கதிர்வீச்சு பல மடங்கு அதிகம். பிரிட்டனில் இளவயதில் சிடி ஸ்கேன் எடுக்கப்பட்டவர்களை ஆராய்ந்து 2012இல் லான்செட் சஞ்சிகை வெளியிட்ட ஆய்வு, அவர்களுக்கு ரத்தப் புற்றுநோயும் மூளைக்கட்டியும் வரும் ஆபத்து, சிறிய அளவிலேயே என்றாலும், கூடுவதாகக் கண்டது. இவ்வகைக் கதிர்வீச்சே இல்லாத எம்ஆர்ஐ, எலும்பு வெடிப்பதற்கு முன்பே அதனுள் ஏற்படும் வீக்கத்தைக் காட்டிவிடும்.

ஆனால் அதற்குக் காத்திருக்க வேண்டும். தேசிய சுகாதார சேவையில் இத்தகைய பரிசோதனைகளுக்கான இலக்கே ஆறு வாரங்கள். அதுவும் பல ஆண்டுகளாக முழுமையாக எட்டப்படவில்லை. ஏப்ரலில் தொடங்கி செப்டம்பரில் முடியும் கிரிக்கெட் பருவத்தில் ஆறு வாரம் என்பது கால் பங்கு. "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை" என்ற ஒரு வரியை அனுமதிச் சீட்டாகக் கொண்டு, பந்துவீச்சு தொடர்வது இந்த இடைவெளியில்தான்.

பந்துவீச்சை நிறுத்தச் சொல்வதற்கு ஸ்கேன் முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மருத்துவரின் சந்தேகமே போதும். காய்ச்சல், இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, காலில் பலவீனம், சிறுநீர்க் கட்டுப்பாட்டை இழத்தல் ஆகியவை இருந்தால் மட்டும் நிலைமை வேறு: அப்போது எந்த வயதானாலும் பரிசோதனையைத் தள்ளிப்போட முடியாது.