ஈஸ்ட்ஹாம் கணக்கு தெரியும்... ஈரோட்டுக் கணக்கு?

பள்ளிபாளையத்தில் ஒரு டீக்கடை. காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஈரோடு. நைட் ஷிஃப்ட் முடித்து, தலையிலும் காதோரத்திலும் பஞ்சு ஒட்டியிருக்க, இரண்டு தறித் தம்பிகள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். குடித்ததைவிட அடித்துக்கொண்டதுதான் அதிகம்.

‘‘உங்காளு படம் யூ.கே-ல எத்தனை பவுண்டுன்னு தெரியுமாடா? எங்காளு பார்ட் டூ மொத வாரத்துலயே அதைத் தூக்கிச் சாப்புட்டுருச்சு!’’

‘‘போடா... அது கிராஸு. நெட்டு எவ்வளவு, ஷேர் எவ்வளவு? அதைச் சொல்லு மொதல்ல!’’

ஆடிட்டர் ஆபீஸில்கூட இவ்வளவு சரளமாகப் பேச மாட்டார்கள். நான் மெதுவாக மூக்கை நுழைத்தேன்.

‘‘தம்பி, அதே படம் ஈரோடு, திருச்செங்கோடு, குமாரபாளையம்... இந்தச் சுத்துவட்டாரத்துல எவ்வளவு வசூல்?’’

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ‘‘அது தெரியலீங்ணா.’’

‘‘நீங்க எவ்வளவு குடுத்துப் பார்த்தீங்க?’’

‘‘மொத நாள், மொத ஷோங்ணா... ஐந்நூறு. ஒரு நாள் கூலி.’’

‘‘டிக்கெட்டுல எவ்வளவு போட்டிருந்துச்சு?’’

‘‘டிக்கெட்டுங்ளா?’’ சிரித்துவிட்டார் தம்பி. ‘‘கலர் பேப்பர்ல ஒரு டோக்கன் குடுத்தாங்க. கதவுகிட்ட அதையும் திரும்ப வாங்கிக்கிட்டாங்க.’’

எந்த ஊர், எந்தத் தியேட்டர் என்று எழுதப்போவதில்லை. உங்கள் ஊரிலும் ஒன்று இருக்கும். பேரை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால், ஒரு விஷயத்தை யோசியுங்கள். ஐயாயிரம் மைலுக்கு அந்தப்பக்கம் லண்டன் ஈஸ்ட்ஹாமிலும் இல்ஃபோர்டிலும் ஒரு தமிழ்ப்படம் என்ன வசூலித்தது என்று பள்ளிபாளையம் தம்பிக்குத் தெரிகிறது. தன் கைக்காசைக் கொடுத்து, தன் கண்ணால் பார்த்த தியேட்டரின் கணக்கு தெரியவில்லை. இது எப்படி?

பதில் சுலபம். அங்கே எண்ணுகிறார்கள். எண்ணியதை வெளியே சொல்கிறார்கள்.

பிரிட்டனில் காம்ஸ்கோர் என்ற நிறுவனம் தியேட்டர்களிடமிருந்து வசூல் கணக்கைத் திரட்டுகிறது. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் என்ற அமைப்பு அதை வாராவாரம் வெளியிடுகிறது. முதல் பதினைந்து படங்கள், எத்தனை தியேட்டர், ஒரு தியேட்டருக்குச் சராசரி எவ்வளவு, போன வாரத்தைவிட எத்தனை சதவிகிதம் ஏற்றம் அல்லது இறக்கம், மொத்தம் எவ்வளவு என்று எல்லாம் ஒரே பக்கத்தில். ஜேம்ஸ்பாண்டுக்கும் அதே பட்டியல்தான், நம்மூர் ஹீரோவுக்கும் அதே பட்டியல்தான். தம்பிகள் சண்டை போட்ட பவுண்டுக் கணக்கு வந்த வழி அது. 2012-ல் ‘ஸ்கைஃபால்’ பிரிட்டனில் பத்துக் கோடி பவுண்டைத் தாண்டிய முதல் படம் ஆனதும், 2015 டிசம்பரில் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ அதையும் மிஞ்சிப் பன்னிரண்டு கோடியைக் கடந்ததும் ரசிகர் மன்றத் தலைவர் சொல்லி உலகத்துக்குத் தெரிந்ததல்ல. கணக்கு நோட்டு சொல்லித் தெரிந்தது.

அந்தக் கணக்கையும் படிக்கத் தெரிந்து படிக்க வேண்டும். பணத்தை எண்ணுவது ஒன்று, தலையை எண்ணுவது இன்னொன்று.

பிரிட்டனில் 1946-ம் வருஷம் விற்ற சினிமா டிக்கெட் 163 கோடிக்கும் மேல். 2018-ல் விற்றது 17 கோடியே 70 லட்சம். அதுவே கிட்டத்தட்ட ஐம்பது வருஷத்தில் இல்லாத உச்சம் என்று அங்கே கொண்டாடினார்கள். கொரோனாவுக்குப் பிறகு, 2023-ல் 12 கோடிச் சொச்சம். ‘அப்போ டி.வி. இல்லையே’ என்பீர்கள். நியாயம்தான். ஆனால், பாண்டு, பாட்டர், ஸ்டார் வார்ஸ் என்று ஒவ்வொரு ‘பார்ட்’டும் வசூல் சாதனை செய்துகொண்டிருந்த அதே நாட்டில், தியேட்டருக்குள் நுழையும் தலைகள் அந்தக் காலத்தில் பத்தில் ஒரு பங்குதான். பணச் சாதனை மக்கள் சாதனை ஆகாது.

அந்த அமைப்பே 2004-ல் ஒரு காரியம் செய்தது. பணத்தை மறந்துவிட்டு, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று மட்டும் கணித்துப் பட்டியல் போட்டது. முதலிடம், ‘கான் வித் தி விண்ட்’. சுமார் மூன்றரைக் கோடிப் பேர். இரண்டாவது ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’, சுமார் மூன்று கோடி. இரண்டுக்கும் பார்ட் டூ கிடையாது. ‘அடுத்த பாகத்தில் சந்திப்போம்’ என்று கடைசியில் யாரும் முறைத்துக்கொண்டு நிற்கவில்லை.

சரி, நம் விஷயத்துக்கு வருவோம். ஒரு பவுண்டு இன்றைக்கு நூறு ரூபாய்க்கு மேல். லண்டனில் ஒருவர் பத்துப் பவுண்டு கொடுத்துப் படம் பார்த்தால், அது இங்கே ஆயிரம் ரூபாய்க்கு மேல் கணக்காகிறது. நூறு ரூபாய் டிக்கெட்டில் இங்கே அந்த ஆயிரத்தைக் காட்டப் பத்துப் பேர் வேண்டும். பவுண்டு ஏறினால், ஒரு ஆள்கூடக் கூடுதலாகப் பார்க்காமலே ‘ஓவர்சீஸ் ரெக்கார்டு’ உடையும். அதற்கு ஹீரோ எதுவும் செய்யத் தேவையில்லை. ரூபாய் கீழே விழுந்தால் போதும். நம்முடைய ரூபாய் விழுந்ததற்கு நாமே பட்டாசு வெடிக்கிறோம்!

* * *

நம் ஊரில் கணக்கே இருந்ததில்லையா? இருந்தது. கோடிக் கணக்கு அல்ல, நாள் கணக்கு.

1944-ல் வந்த ‘ஹரிதாஸ்’ சென்னையில் மூன்று தீபாவளி கண்டது என்பார்கள். ஐம்பதாவது நாள், நூறாவது நாள், வெள்ளிவிழா. அதிலும் தில்லுமுல்லு உண்டு. காலி நாற்காலிகளுக்குப் படம் ஓட்டி நூறு நாள் போஸ்டர் ஒட்டியவர்கள் உண்டு. ஆனால், அந்தப் பொய்யை எந்த டீக்கடையும் கண்டுபிடித்துவிடும். தியேட்டர் வாசலில் சைக்கிள் நிற்கிறதா இல்லையா என்று பார்த்தால் போதும். படப்பெட்டியோடு வரும் விநியோகஸ்தரின் ரெப்ரசென்டேட்டிவ் பாக்ஸ் ஆபீஸ் பக்கத்தில் உட்கார்ந்து தலையை எண்ணுவார். நாள் கணக்கை யாரும் சரிபார்க்கலாம். கோடிக் கணக்கை யாராலும் சரிபார்க்க முடியாது. இரண்டாவதுக்கு நாம் மாறியது யாருக்கு வசதி என்று கேட்டுப் பாருங்கள்.

மாறியது ஏன் என்பதும் ரகசியமில்லை. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான தியேட்டரில் ரிலீஸ். வெள்ளி, சனி, ஞாயிறில் போட்டதை எடுத்துவிட வேண்டும். திங்கட்கிழமை படத்தின் லட்சணம் ஊருக்குத் தெரிந்துவிடும். லட்சணம் தெரிவதற்கு முன்பே டிக்கெட் விற்க என்ன வழி? போன படத்தின் பெயர்! ‘சிங்கம்’ மூன்று வரை வந்தது. ‘அரண்மனை’ நான்கைத் தொட்டது. ‘முனி’யில் கிளம்பிய பேய் ‘காஞ்சனா 3’ வரை இறங்கவேயில்லை. 1996-ல் வந்த ‘இந்தியன்’ தாத்தாவை 2024-ல் மறுபடி அழைத்து வந்தார்கள். அவரைப் பார்த்து ரசிகர்கள் என்ன பாடுபட்டார்கள் என்று உங்களுக்கே தெரியும். பார்ட் டூ என்பது எப்போதும் மோசம் என்று சொல்லவில்லை. கல்கியின் ஐந்து பாக நாவலை ஒரே படத்தில் அடக்க முடியாது. அதற்கு இரண்டு பாகம் நியாயம். ஆனால் வியாபாரத்தில் பார்ட் டூ என்பது, பழைய பாவில் புது ஊடை ஓட்டுவது மாதிரி. சீலை எப்படி வந்திருக்கிறது என்று விரித்துக் காட்டாமலே, போன சீலையின் பேரைச் சொல்லி விலை வாங்கிவிடலாம். அந்த மூன்று நாள் விலைதான் தம்பி கொடுத்த ஐந்நூறு.

இப்போது அந்த ஐந்நூறு எங்கே போகிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டில் சினிமா டிக்கெட்டுக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஜி.எஸ்.டி. உண்டு, உள்ளாட்சிக் கேளிக்கை வரி உண்டு. சட்டப்படி விற்றால் அந்தத் தொகை கணக்கில் ஏறும். அதற்கு மேல் டோக்கனுக்கு வாங்கிய பணம்? அது கிராஸிலும் கிடையாது, நெட்டிலும் கிடையாது, ஷேரிலும் கிடையாது. வரியும் கிடையாது.

புரிகிறதா தம்பி? உன் தலைவன் படத்தின் ‘ரெக்கார்டு’க்காக ஒரு நாள் கூலியைக் கொடுத்தாயே, அதில் பாதிக்கு மேல் உன் தலைவனின் ரெக்கார்டிலேயே இல்லை!

இதை நான் மட்டும் சொல்லவில்லை. படம் எடுத்தவர்களே சொல்கிறார்கள். 2018 மார்ச், ஏப்ரலில் தமிழ்த் தயாரிப்பாளர்கள் புதுப்படமே வெளியிடாமல் வாரக்கணக்கில் ஸ்டிரைக் செய்தார்களே, நினைவிருக்கிறதா? டிஜிட்டல் கட்டணம்தான் முக்கியப் பிரச்னை என்றாலும், டிக்கெட் விற்பனையை முழுக்கக் கம்ப்யூட்டர்மயமாக்க வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கை. அதாவது, தன் படம் எவ்வளவு வசூலித்தது என்று படம் எடுத்தவருக்கே நம்பிக்கை இல்லை. அவருக்கே தெரியாத கணக்கை வைத்துக்கொண்டு டீக்கடையில் நாம் மண்டையை உடைத்துக்கொள்கிறோம்.

மண்டை உடைவது வெறும் பேச்சு இல்லை. 2023 ஜனவரியில் பொங்கல் ரிலீஸ் கொண்டாட்டத்தில், சென்னையில் ஒரு தியேட்டர் வாசலில், ஓடும் லாரி மேல் ஏறி ஆடிய இளைஞர் விழுந்து செத்துப்போனார். 2024 டிசம்பரில் ஹைதராபாத்தில் ஒரு பார்ட் டூ படத்தின் சிறப்புக் காட்சிக்குக் குடும்பத்தோடு போன பெண் நெரிசலில் மாண்டார். முதல் நாளே, முதல் காட்சியே பார்த்தாக வேண்டும் என்ற வெறியை நம் மண்டையில் ஏற்றுவது எது? ‘ஓப்பனிங்’ என்கிற அந்த எண்தான்.

* * *

‘சினிமாக்காரர்கள் கணக்கெல்லாம் அப்படித்தான், எண்ணவே முடியாது’ என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு இந்தப் பக்கத்து மனிதர் ஒருவரை ஞாபகப்படுத்துகிறேன். திருச்செங்கோட்டுக்காரர். ஜவுளிக் குடும்பம். நெசவுத் தொழில் படிக்க இங்கிலாந்தில் லீட்ஸ் நகருக்குப் போனார். திரும்பி வந்து சேலம் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவைக் கட்டினார். டி.ஆர்.சுந்தரம். நூறு படங்களுக்கு மேல் எடுத்த கம்பெனி. 1956-ல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ என்று தமிழின் முதல் முழுநீளக் கலர் படத்தைக் கொடுத்த கம்பெனி. ஷூட்டிங் நேரத்திலும் செலவிலும் அவர் காட்டிய கறாரை இன்றைக்கும் கதையாகச் சொல்கிறார்கள். மில்லை நடத்துவது மாதிரி சினிமாவை நடத்தினார். நெசவுக்காரனுக்கு எண்ணிப் பார்க்காமல் கை ஓடாது.

பள்ளிபாளையத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். தறியில் இறங்கிய துணியை மடித்து, அளந்து, நோட்டில் எழுதித்தான் கூலி. ஒரு மீட்டர் குறைந்தால் கேள்வி வரும். இழை அறுந்து பழுது விழுந்தால் பிடித்தம் வரும். வாங்கிய முன்பணம் நோட்டில் இருக்கும். மைக்ரோ ஃபைனான்ஸ்காரர் வாராவாரம் வந்து நிற்பார், அவர் கையிலும் ஒரு கணக்கு. 2025 ஜூலையில் இந்த ஊர்ப் பெயர் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. விசைத்தறித் தொழிலாளிகள் கடனை அடைக்கச் சிறுநீரகத்தை விற்றார்கள் என்ற புகார். அரசு விசாரணை வரை போனது. ஐந்நூறு ரூபாய் என்பது இந்த ஊரில் சின்னத் தொகை அல்ல.

ஆக, இந்த மனிதர் கொடுக்க வேண்டியது எல்லாம் பைசா சுத்தமாக எண்ணப்படுகிறது. இவர் கொடுத்தது மட்டும் எண்ணப்படுவதில்லை. எனக்கு ஆத்திரம் அங்கேதான்.

‘உலகமெல்லாம் தமிழ்ப்படம் ஓடுவது பெருமை இல்லையா சார்?’ பெருமைதான். 1983-க்குப் பிறகு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு லண்டன் போன ஈழத் தமிழர்கள், மொழியை விட்டுவிடாமல் பிள்ளைகளைக் கூட்டிப் போய்த் தமிழ்ப்படம் பார்க்கிறார்கள் என்றால் அது நிச்சயம் பெருமை. ஆனால், அந்தத் தமிழர் கையில் விலை அச்சடித்த டிக்கெட் இருக்கிறது. அவர் கொடுத்த பவுண்டு பட்டியலில் இருக்கிறது. அவரைவிடப் பள்ளிபாளையத் தமிழர் எந்த விதத்தில் மட்டம்?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. தமிழ்நாட்டின் ஒவ்வொரு தியேட்டரிலும், ஒவ்வொரு காட்சிக்கும், விலை அச்சிட்ட கம்ப்யூட்டர் டிக்கெட் மட்டும்தான். எந்தப் படத்துக்கு, எந்த ஊரில், எத்தனை டிக்கெட் விற்றது என்ற கணக்கு வாரம் ஒரு முறை பொதுவில். பணத்தைச் சொல்லாவிட்டாலும் போகட்டும், தலையைச் சொல்லுங்கள். வரி வாங்கும் அரசுக்கு இது முடியாத காரியமா?

அரசு செய்யும்வரை நீங்கள் ஒன்று செய்யலாம். அடுத்த பார்ட் டூவுக்கோ, பார்ட் த்ரீக்கோ போகும்போது கவுன்ட்டரில் கேளுங்கள். ‘‘டிக்கெட் குடுங்க. இதுல விலை எங்க போட்டிருக்கு?’’ முறைப்பார்கள். பின்னால் நிற்பவர் ‘சீக்கிரம்ணா’ என்று தள்ளுவார். தள்ளட்டும். ஒருத்தர் கேட்டால் முறைப்பார்கள், பத்துப் பேர் கேட்டால் பிரிண்ட் போடுவார்கள்.

டீக்கடையில் கிளம்பும்போது அந்தத் தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு செல்போனைப் பையில் போட்டுக்கொண்டே கேட்டார்:

‘‘அப்போ எங்காளு படம் இங்க நெசமா எவ்வளவுதாங்ணா வசூல்?’’

எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா?